வெள்ளை அணுக்கள் எண்ணிக்கை சரியாக இருந்தும் சர்க்கரை நோயில் புண் ஏன் ஆறுவதில்லை?

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 61 வயது, 14 ஆண்டுகளாகச் சர்க்கரை. கால் பெருவிரலுக்கு அடியில் முள் குத்திய புண் ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 8,400, 'நார்மல்' என்று வந்திருக்கிறது. எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 10.2. அணுக்கள் சரியாக இருக்கும்போது புண் ஏன் ஆறவில்லை? எதிர்ப்பு சக்தியைக் கூட்ட ஏதாவது கொடுக்கலாமா?

முதலில் ஒன்று. ஐந்து வாரம் ஆறாத பாதப் புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இந்தப் பதிலை அப்புறம்கூடப் படிக்கலாம். அவரை நாளைக்கே பாதப் புண்ணுக்கெனத் தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அப்படி ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவு போதும். அங்கே என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

இனி கேள்விக்கு வருகிறேன். 8,400 என்பது வருகைப் பதிவேடு மாதிரி. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று அதில் இருக்கும், வந்தவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று இருக்காது. நீண்ட நாள் சர்க்கரையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவதில்லை, சிலருக்குச் சற்றுக் கூடவே இருக்கும். கெடுவது அவற்றின் வேலை. அதிலும் "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது" என்று சொல்வது பாதிதான் சரி. உமியில் பிடித்த நெருப்பைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்கப் புகைந்துகொண்டே இருக்கும், உலை வைக்க அது உதவாது. சர்க்கரை கட்டுக்கு அடங்காத உடம்பில் வெள்ளை அணுக்களின் நிலை ஏறக்குறைய அதுதான்: தேவையில்லாத நேரத்தில் தணியாமல் கனன்றுகொண்டிருக்கின்றன, கிருமி வந்த நேரத்தில் பற்றி எரிவதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் அப்பாவின் காலில் குத்திய அந்த முள்ளிலிருந்தே பார்க்கலாம்.

கருவேல முள் தோலைத் துளைத்து உள்ளே போகும்போது தனியாகப் போவதில்லை. தோலின் மேல் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற பாக்டீரியாக்களையும் மண்ணையும் சேர்த்தே கொண்டுபோகிறது. அடிபட்ட செல்களும் அங்கேயே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்களும் ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. முதலில் ஓடிவருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. பெரியவர்களின் வெள்ளை அணுக்களில் பாதிக்கும் மேல் இதுதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இதைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் இதன் ஆயுள் சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரைதான். இந்தக் குறுகிய ஆயுளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நியூட்ரோஃபிலுக்கு வரிசையாக நான்கு வேலைகள். ரத்தக் குழாயின் உள்சுவரில் உருண்டு ஒட்ட வேண்டும். சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டும். ரசாயன வாடையைப் பிடித்துக் கிருமி இருக்கும் இடத்துக்கு ஊர்ந்து போக வேண்டும். கடைசியாகக் கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டும்.

முதல் வேலையிலேயே ஒரு முரண்பாடு. சர்க்கரை அதிகமாக இருக்கும்போது ரத்தக் குழாயின் உள்சுவர் எப்போதும் லேசாக வீங்கி, ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் எந்தக் காரணமும் இல்லாமலே நியூட்ரோஃபில்கள் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடுவதில்கூட இதற்குப் பங்கு உண்டு. ஆனால் உண்மையான அழைப்பு வரும்போது சுவரைத் தாண்டி இலக்கு நோக்கி நகரும் வேகம் குறைந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளின் நியூட்ரோஃபில்களை ஆய்வகத்தில் எடுத்து, ஒரு பக்கம் ஈர்க்கும் ரசாயனத்தை வைத்துப் பார்த்த பல ஆய்வுகளில், அவை மற்றவர்களுடையதைவிடக் குறைந்த தூரமே நகர்ந்தன. கிருமிக்கு இந்தத் தாமதமே போதும். சாதகமான சூழலில் பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகும். சில மணி நேரம் தாமதமானால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவது வேலையான கொல்வதில்தான் பெரிய கோளாறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சர்க்கரை நேரடியாகக் கைவைக்கும் இடம் இது.

விழுங்கிய கிருமியை நியூட்ரோஃபில் ஒரு சிறு பைக்குள் அடைக்கிறது. அந்தப் பையின் சுவரில் இருக்கும் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனை எடுத்து சூப்பர் ஆக்சைடு என்ற வீரியமுள்ள பொருளாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. வீட்டில் கழிவறை கழுவும் பிளீச்சிங் திரவத்தில் இருக்கும் அதே வகைப் பொருள்தான் இது. கிருமி அதில் வெந்துபோகிறது. இந்த நொதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: பிறவியிலேயே இது இயங்காத குழந்தைகளுக்கு நாட்பட்ட கிரானுலோமா நோய் வருகிறது. ஸ்டஃபைலோகாக்கஸும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்கும்.

இந்த நொதிக்கு எரிபொருள் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு. செல்லுக்குள் அதன் கையிருப்புக்கு ஓர் அளவு உண்டு. தசையும் கொழுப்பும் குளுக்கோஸை உள்ளே எடுக்க இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். நியூட்ரோஃபிலுக்கு அப்படியில்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறிவிடும். ரத்தத்தில் 300 இருந்தால் அணுவுக்குள்ளும் வெள்ளம்தான். இப்படி மிஞ்சிய குளுக்கோஸை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. அப்படி மாற்ற அதற்கும் அதே என்ஏடிபிஎச்தான் வேண்டும். ஒரே தொட்டித் தண்ணீரை இரண்டு வாய்க்கால் இழுக்கிற கதை. கிருமியைக் கொல்ல வேண்டிய பக்கம் வற்றுகிறது. அணு தன்னையே காத்துக்கொள்ள வைத்திருக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பிக்கவும் இதே எரிபொருள் தேவை என்பதால், அணுவும் சீக்கிரம் நைந்துபோகிறது. ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்கும் பொருளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கொல்லும் திறன் ஓரளவு மீண்டது. கோளாறு இந்த வழியாகவும் வருகிறது என்பதற்கு அதுவே ஆதாரம்.

இங்கேயும் அந்த உமி நெருப்புதான். வேலை இல்லாமல் ரத்தத்தில் சுற்றும்போது சர்க்கரை நோயாளியின் நியூட்ரோஃபில் சூப்பர் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. குழாய்ச் சுவரை அது அரிக்கிறது. கிருமியைக் கண்டு மொத்தமாகக் கொட்ட வேண்டிய நேரத்தில் கொட்டுவது குறைவாக இருக்கிறது.

கசிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. நியூட்ரோஃபில் சாகும்போது தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். 2004ல் கண்டறியப்பட்ட விஷயம் இது. சர்க்கரை நோயில் இந்த வலையை அணுக்கள் சிறு தூண்டலுக்கே வீசிவிடுகின்றன. வலையோடு வெளிவரும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகள் கிருமி, புதுத்திசு என்று பாகுபாடு பார்ப்பதில்லை. புண்ணின் ஓரத்தில் புதிதாக முளைக்கும் திசுவையும் அவை கரைக்கின்றன. 2015ல் வெளியான ஆய்வில், வலை வீசத் தேவையான பிஏடி4 என்ற நொதி இல்லாத எலிகளுக்குப் புண் வேகமாக ஆறியது. டிஎன்ஏவைக் கரைக்கும் நொதி கொடுத்த எலிகளுக்கும் அப்படியே. உங்கள் அப்பாவின் புண்ணில் மஞ்சளாக, வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் செத்த திசு, கிருமி, ஃபைப்ரின் என்ற ரத்த உறைவு நார், இந்த டிஎன்ஏ வலை எல்லாம் கலந்து கிடக்கின்றன. மேலே களிம்பு தடவினால் அது போகாது. மருத்துவர் கத்தியால் சுரண்டி எடுப்பது இதற்காகத்தான். சுரண்டும்போது ரத்தம் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரத்தம் கசியும் திசு உயிருள்ள திசு.

அணுக்களைத் தவிர, ரத்தத்தில் மிதக்கும் புரதங்களும் கெடுகின்றன. கிருமியின் மேல் ஒட்டி "இதை விழுங்கு" என்று அடையாளம் காட்டுவது காம்ப்ளிமென்ட் சி3 என்ற புரதமும் ஆன்டிபாடிகளும். ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டுவதைத்தானே எச்பிஏ1சி என்று அளக்கிறோம். அதே ஒட்டல் இந்தப் புரதங்களிலும் நடக்கிறது. சர்க்கரை மிகுந்த சூழலில் ஸ்டஃபைலோகாக்கஸின் மேல் சி3 சரியாக வேலை செய்யாததை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அடையாளம் இல்லாத கிருமியை விழுங்க நியூட்ரோஃபில் தடுமாறும்.

நியூட்ரோஃபில் முதல் ஓரிரு நாளின் ஆள். அடுத்து வருவது மேக்ரோஃபேஜ். புண் ஆறுவதும் ஆறாததும் பெரும்பாலும் இதன் கையில்தான் இருக்கிறது. இது இரண்டு வேடம் போட வேண்டும். முதல் சில நாள் சண்டைக்காரன்: ஐஎல்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டி, கிருமியையும் செத்த திசுவையும் அகற்ற வேண்டும். பிறகு கொத்தனார்: புது ரத்தக் குழாய் முளைக்கவும் கொல்லாஜன் படியவும் தேவையான வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்க வேண்டும். வேடத்தை மாற்றச் சொல்லும் முக்கியமான சமிக்ஞை, செத்த நியூட்ரோஃபில்களை அது விழுங்குவது. சர்க்கரை நோயில் இந்த விழுங்கல் மந்தமாகிவிடுகிறது. செத்த அணுக்கள் அங்கேயே கிடந்து அழுகி, உள்ளே இருக்கும் நொதிகளைக் கசியவிடுகின்றன. மேக்ரோஃபேஜ் சண்டைக்காரன் வேடத்திலேயே நின்றுவிடுகிறது. சாதாரணமாக ஒரு வாரத்தில் அடங்க வேண்டிய அழற்சி ஐந்து வாரமாகியும் அடங்காமல் இருப்பது இப்படித்தான். புண்ணின் ஓரம் தடித்து, வெளுத்து, உள்நோக்கி நகராமல் நிற்கும்.

இந்தக் கனல் எங்கிருந்து வருகிறது? ஒரு பெரிய ஊற்று வயிற்றுக் கொழுப்பு. இரண்டாம் வகைச் சர்க்கரையை இனிப்புச் சாப்பிட்டதால் வந்த நோய் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப் ஆல்ஃபாவைச் சுரக்கிறது, அது இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது என்று 1993ல் காட்டினார்கள். 2003ல், அந்தக் கொழுப்புக்குள் மேக்ரோஃபேஜ்கள் குவிந்து கிடப்பது தெரியவந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், வெடித்துச் செத்த கொழுப்புச் செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கிரீடம் மாதிரி வட்டமாக உட்கார்ந்திருக்கும். அவை கக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து கல்லீரலையும் தசையையும் இன்சுலினுக்குச் செவிடாக்குகின்றன. சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை அணுக்களை மேலும் தூண்டுகிறது. முதல் வகைச் சர்க்கரையில் கதை வேறு. அங்கே டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே எதிரி என்று நினைத்து அழிப்பதால்தான் நோயே வருகிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகு நியூட்ரோஃபிலுக்கு நடப்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

தாமதமாகத் தொடங்கி அளவுக்கு மிஞ்சிப் போவது என்ற இந்தக் குணம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் காசநோய். சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோய் சிகிச்சையில் இருந்தவர்களைப் பரிசோதித்து 2012ல் வெளியான ஆய்வில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இன்னொரு கால் பங்கினர் அதன் வாசலில் நின்றார்கள். ஏன் இப்படி? காசக் கிருமி நுரையீரலின் காற்றறைக்குள் நுழைந்ததும் அங்குள்ள மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. கிருமி பற்றிய தகவல் நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் டி செல்கள் பயிற்சி பெற்றுத் திரும்ப முடியும். சர்க்கரை உள்ள எலிகளில் இந்தத் தூது தாமதமாகப் போய்ச் சேர்கிறது, டி செல் படையும் தாமதமாக வருகிறது. அதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. பிறகு வரும் படை ஆவேசமாக வருகிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், காசமும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, காசம் மட்டும் உள்ளவர்களைவிட அழற்சிப் பொருள்கள் கூடுதலாகவே இருந்தன. அதாவது, எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. காலம் தவறி வந்து, நுரையீரலையும் சேர்த்துப் புண்ணாக்குகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு: சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்து சர்க்கரையும் திடீரென ஏறினாலோ சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காசநோய் உறுதியானால், அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை கல்லீரலின் நொதிகளைத் தூண்டி கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை அதே அளவில் இருந்தும் சர்க்கரை ஏறுகிறதே என்று குழம்புபவர்கள் பலர். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோநியசிட் நரம்பைத் தாக்கக்கூடியது. ஏற்கெனவே சர்க்கரையால் நரம்பு பாதித்தவருக்கு பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரையும் கூடவே தேவை.

2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை வந்ததும் இதே கதையின் கொடூரமான வடிவம்தான். அந்த ஜூன் மாத இறுதிக்குள் நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். தமிழ்நாடு மே மாதத்திலேயே அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த நோயை உண்டாக்கும் மியூக்கர் பூஞ்சையின் வித்துகள் எல்லார் வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் அவற்றை அன்றாடம் தீர்த்துவிடும். இந்தப் பூஞ்சை வளர இரும்புச்சத்து வேண்டும். ரத்தத்தில் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கும். சர்க்கரை மிஞ்சிக் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமானால் அந்தப் பிடி தளர்கிறது, பூஞ்சைக்கு விருந்து. மேலே ஸ்டீராய்டு வேறு கொடுத்தால் சர்க்கரையும் ஏறும், அணுக்களும் கட்டிப்போடப்படும். ஸ்டீராய்டு பல நேரம் உயிர் காக்கும் மருந்து, அதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அது ஓடும் நாட்களில் சர்க்கரையைத் தினம் பலமுறை பார்த்து இன்சுலினைக் கூட்ட வேண்டும். ஒரு பக்க முகவீக்கம், மூக்கிலிருந்து கறுப்பாகக் கசிவு, பல் ஆட்டம், இமை தொங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் அப்பாவின் பாதத்துக்குத் திரும்புவோம். அணுக்களின் மேல் மட்டும் பழி போட்டால் தவறாகிவிடும். முள் குத்தியது அவருக்கு உறைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது, அதே புண்ணின் மேல் நாளெல்லாம் நடந்துகொண்டே இருப்பார். ஒவ்வோர் அடியும் புதுத்திசுவை நசுக்கும். ரத்தக் குழாய் சுருங்கியிருந்தால் ஆக்சிஜன் வராது. ஆக்சிஜன் இல்லாமல் சூப்பர் ஆக்சைடு ஏது? ஊசி போட்ட ஆன்டிபயாடிக்கும் அங்கே போய்ச் சேராது. ஆக, மருத்துவமனையில் கேட்க வேண்டியவை இவை. 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் உணர்ச்சிப் பரிசோதனை. கணுக்காலுக்கும் கைக்கும் உள்ள ரத்த அழுத்த விகிதம்: 0.9க்குக் கீழ் போனால் ரத்த ஓட்டத்தில் தடை என்று பொருள், ஆனால் குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்டிருந்தால் இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் கால்விரல் அழுத்தமும் பார்ப்பது நல்லது. புண்ணுக்குள் உலோகக் கம்பியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பது, கூடவே எக்ஸ்ரே. புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின் ஆழத்திலிருந்து எடுத்த திசுவில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்து எது என்று பார்ப்பது. மேலாகப் பஞ்சால் துடைத்து எடுத்தால் தோலில் சும்மா இருக்கும் கிருமிகளும் சேர்ந்து வந்து குழப்பும். பிறகு அந்த இடத்தில் எடை விழாமல் செய்யும் கட்டு அல்லது காலணி. இது இல்லாமல் எந்த மருந்தும் பயன் தராது. புண் ஆறியபின் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, அவர் காலுக்கு அளவெடுத்தது.

சரியான சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகவாவது சுருங்க வேண்டும். சுருங்கவில்லையென்றால் ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து வைத்தால் வாதம் இல்லாமல் தெரியும்.

காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். காய்ச்சலை எழுப்புவதும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் இதே அணுக்கள் கொடுக்கும் சமிக்ஞைகள்தான். அவை மந்தமாக இருந்தால் எச்சரிக்கை மணியும் மந்தமாக அடிக்கும். கடுமையான பாதத் தொற்று உள்ளவர்களில் பாதிப் பேர் வரை காய்ச்சலோ வெள்ளை அணு உயர்வோ இல்லாமலே வருகிறார்கள். அதனால் 8,400 என்ற எண்ணுக்குத் தொற்று இல்லை என்று அர்த்தம் இல்லை. நம்ப வேண்டிய அடையாளங்கள் வேறு: புண்ணின் ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் பரவும் சிவப்பு, சூடு, நாற்றம், அழுத்தினால் நறநறவென்று காற்று தட்டுவது, சாப்பாடும் மாத்திரையும் மாறாமல் இருக்கும்போது சர்க்கரை மட்டும் திடீரென ஏறுவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. தொற்று வந்தால் கார்ட்டிசாலும் அட்ரினலினும் கூடிச் சர்க்கரையை ஏற்றும். சில நேரம் அதுதான் முதல் அறிகுறி.

இனி, எதைக் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடும் என்ற கேள்வி. கடையில் விற்கும் எந்த 'இம்யூனிட்டி' பொடியும் கஷாயமும் மேலே சொன்ன என்ஏடிபிஎச் பஞ்சத்தைத் தீர்க்காது. தேனும் வெல்லமும் சேர்ந்தவை அதைக் கூட்டும். கனன்றுகொண்டிருப்பதை மேலும் ஊதிவிடுவதால் என்ன பயன்? அவருக்குத் தேவையான மருந்து ரத்தச் சர்க்கரையை இறக்குவது. எச்பிஏ1சி 10.2 என்றால் சராசரிச் சர்க்கரை 245 அளவில் இருந்திருக்கிறது. இந்த நிலையில், ஆறாத புண்ணும் இருக்கும்போது, மருத்துவர் இன்சுலின் தொடங்கச் சொன்னால் தயங்காதீர்கள். புண் ஆறும் வரைக்குமாவது போட்டுக்கொள்ளட்டும். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டபின் 180க்குள். வயதையும் தாழ்சர்க்கரை வரும் வாய்ப்பையும் பார்த்து மருத்துவர் இதைத் தளர்த்துவார்.

நியூட்ரோஃபிலின் ஆயுள் சில நாள்தான் என்று சொன்னேன் அல்லவா? இங்கேதான் அது உதவுகிறது. எச்பிஏ1சி இறங்கிக் காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும், ஏனென்றால் சிவப்பணு 120 நாள் வாழும். நியூட்ரோஃபில் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று சர்க்கரை இறங்கினால், நாளையும் மறுநாளும் மஜ்ஜையிலிருந்து வரும் புது அணுக்கள் வெள்ளம் வடிந்த ரத்தத்தில்தான் இறங்கும். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளிடம் 1999ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அறுவையின்போது இன்சுலினைத் தொடர்ந்து நரம்பில் ஏற்றியவர்களின் நியூட்ரோஃபில்கள் வழக்கமான முறையில் இருந்தவர்களுடையதைவிட நன்றாக விழுங்கின. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முன் எச்பிஏ1சியை முடிந்தால் 8க்குள் கொண்டுவரவும், அறுவையை ஒட்டிய நேரத்தில் சர்க்கரையை 100 முதல் 180க்குள் வைக்கவும் சொல்வது இதனால்தான். அதற்காக அளவு மீறியும் இறக்கக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 81 முதல் 108 வரை இறுக்கிப் பிடித்துப் பார்த்த 2009ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் இறப்பு கூடியது.

மேக்ரோஃபேஜ் விஷயத்தில் பொறுமை வேண்டும். அதிகச் சர்க்கரையில் வளர்ந்த மஜ்ஜைத் தாய்ச்செல்கள் அந்தக் காலத்தைத் தங்கள் மரபணுவோடு சேர்ந்திருக்கும் புரதங்களில் குறித்து வைத்துக்கொள்கின்றன. சர்க்கரை உள்ள எலியின் மஜ்ஜையைச் சர்க்கரை இல்லாத எலிக்கு மாற்றியபோதும் ரத்தக் குழாய்க் கொழுப்புப் படிவு கூடியதை 2021ல் காட்டினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய சர்க்கரையை ஒரு மாதம் கட்டுப்படுத்தியும் புண் முழுதாக ஆறவில்லையே என்று சோர்ந்து, மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை. புண்ணைக் கழுவ நார்மல் சலைன் அல்லது சுத்தமான ஓடும் தண்ணீர், மேலே கிருமி நீக்கிய காஸ் துணி. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். மரத்த காலைச் சுடுதண்ணீரில் வைக்கக் கூடாது. கோயில் பிரகாரத்தில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து சேர்பவர்கள் உண்டு. தடித்த காலுறை போட்டுக்கொண்டு காலை நேரத்தில் போகலாம். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்கள் பார்த்துவிடுங்கள், அவருக்குக் குனிந்து பார்ப்பது கஷ்டம்.

காய்ச்சல், வாந்தி வரும் நாட்களில் சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து, அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். வாந்தியும் நீர்ச்சத்துக் குறைவும் இருக்கும்போது மெட்ஃபார்மினையும், டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பின்னால் சொன்ன இரண்டும் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுபவை, பிறப்புறுப்பில் கேண்டிடா பூஞ்சை அரிப்பு வரலாம். வெட்கப்படாமல் சொன்னால் எளிதில் தீரும்.

தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கஸுக்கு ஒன்று, இதுவரை போடாவிட்டால் ஹெபடைடிஸ் பி மூன்று தவணை. சர்க்கரை உள்ளவர்களில் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு ஆன்டிபாடி குறைவாக உருவாவதுண்டு, அதனால் மூன்றாவது தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. 10 யூனிட்டுக்குக் கீழ் இருந்தால் மறுபடி போடுவார்கள். முள் குத்திய புண் என்பதால் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் நாளைக்குப் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.